பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பேண்ட் ரிகர்சல்: ஃபோமா, மெத்தையா, ராக்வுல்லா?

சென்னையில் பேண்ட் நடத்துபவர்களில் பலருக்கு ரிகர்சல் ரூம் என்பது குழுவில் யாராவது ஒருவர் வீட்டு மாடி அறைதான். பன்னிரண்டுக்குப் பத்து, உயரம் பத்தடி. செங்கல் சுவரில் சிமென்ட் பூச்சு, மேலே கான்க்ரீட், கீழே டைல்ஸ். அதற்குள் டிரம்ஸ், பேஸ் ஆம்ப், கிடார் ஆம்ப், கீபோர்டு, பாடுபவருக்கு ஒரு ஸ்பீக்கர். ஆரம்பித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் பாடகர் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்பார். மைக்கை ஏற்றினால் கூவும். கிடார்காரர் தன் பங்குக்கு ஆம்ப்பைக் கூட்டுவார், டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். காது ரீங்கரித்துக்கொண்டே படியிறங்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "ஃபோம் ஒட்டிடலாம்டா."

ஒட்டலாமா, வேறு எதற்காவது அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பேண்ட்காரர்கள் கையில் எப்போதும் காசு குறைவு. ஒருமுறை தவறான சாமானில் போட்டுவிட்டால் மறுமுறை எல்லோரையும் சம்மதிக்க வைத்துப் பணம் திரட்டுவது பெரும்பாடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவர் முழுக்க மெல்லிசாக ஒட்டுவதைவிட, குறைந்த இடத்தில் கனமாக வைப்பதே இந்த அளவு அறைக்குச் சரி. எந்தச் சாமான் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

உள்ளேயா, வெளியேயா?

கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உங்கள் தொந்தரவு அறைக்குள் கேட்கும் சத்தம் தெளிவாக இல்லை என்பதா, சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பதா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு போன்ற பொருள் வேண்டும். இரண்டாவதற்குச் சத்தத்தைத் தடுக்கும் எடையும், காற்று புகாத இறுக்கமும் வேண்டும். பஞ்சுக்கு எடை இல்லை, காற்றும் அதற்குள் தாராளமாகப் போய்வரும். அதனால் எவ்வளவு ஃபோம் ஒட்டினாலும் கீழ் வீட்டுக்காரர் காதில் கிக் டிரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், விழுந்துகொண்டுதான் இருக்கும். கடைக்காரர் ஃபோமுக்குச் "சவுண்ட்ப்ரூஃப்" என்று பெயர் சொல்லி விற்பதால் இந்தக் குழப்பம் தீர்வதே இல்லை.

வெளியே போகும் சத்தம்தான் உங்கள் சிக்கல் என்றால், நிலைமையை உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. டிரம்ஸ் செட் ஒன்று அறைக்குள் சாதாரணமாகவே 100 டெசிபலைத் தொடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இதில் பாதியைத் தடுத்துவிடும். சுவர் நமக்குப் பிரச்சினையே இல்லை. கதவும் ஜன்னலும்தான் ஓட்டை. ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலும், அந்தத் தடுப்பு மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருக்கும்போது சுவரில் என்ன செய்தும் பலனில்லை.

எனவே வெளியே போகும் சத்தத்துக்கு முதல் செலவு, கனமான ஃப்ளஷ் கதவும் சுற்றிலும் ரப்பர் பீடிங்கும், ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடிப் பலகையும். அதையும் தாண்டி வேண்டுமானால் அறைக்குள் அறை கட்ட வேண்டும்: தனித் தரை, தனிச் சுவர், தனிக் கூரை, எதுவும் பழைய அறையைத் தொடாமல். மொட்டைமாடியில் இவ்வளவு எடை ஏற்றுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டே ஆக வேண்டும். அடைத்த அறைக்கு ஏசியும், புதுக் காற்று வர ஒரு வழியும் தேவை. வாடகைக்கு இடம் விடும் ஸ்டுடியோவுக்கு இது பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் கூடும் நான்கு பேருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்குப் பல வருஷம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம் எடுத்து வாசிக்கலாம்.

இனி உள்ளே கேட்பதைப் பற்றி மட்டும்.

அறை என்ன செய்கிறது

வெற்று அறையில் நடுவே நின்று கைதட்டிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சத்தம் பந்தாடப்பட்டு "டிர்ர்" என்று ஓர் உலோக வால் நீளும். ஸ்னேரின் ஒவ்வொரு அடிக்கும், பாடகரின் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் இந்த வால் ஒட்டிக்கொள்கிறது. வார்த்தை புரியாததற்கு இது பாதிக் காரணம்.

மறு பாதி கீழே இருக்கிறது, பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரும்போது அறையே அதனுடன் சேர்ந்து முழங்கும். கணக்கு சுலபம்: ஒலியின் வேகத்தை, அதாவது நம் ஊர் வெயிலில் நொடிக்கு சுமார் 1145 அடியை, அறையின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடிக்கு ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ் வருகிறது. 10 அடிக்கு 57. நம் வீடுகளில் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடியாகவே பெரும்பாலும் அமைந்துவிடுவதால் இந்த 57 இரண்டு திசையில் ஒரே நேரத்தில் முழங்குகிறது. பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதில் விரல் வைக்கும் முதல் கட்டமான அடுத்த ஃப்ரெட் 58. அந்த இரண்டு சுரம் மட்டும் அறையை நிரப்பிக்கொண்டு நிற்கும், கிக்கின் அடியும் அதில் போய்க் கலக்கும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பேஸிஸ்ட் திறந்த ஈ கம்பியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே பலத்தில் மெதுவாக மீட்டட்டும். மற்றவர்கள் அறையின் வெவ்வேறு இடத்தில் நின்று, எந்தச் சுரம் முட்டுகிறது, எது காணாமல் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். மூலையில் நிற்பவர் தாளும் நடுவில் நிற்பவர் தாளும் ஒன்றாக இருக்காது. அறையின் சரியான நடுப்புள்ளியில் இந்த முழக்கம் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். பேஸிஸ்ட் அங்கே நின்றால் தனக்குச் சத்தமே வரவில்லை என்று ஆம்ப்பைக் கூட்டிக்கொண்டே போவார். சுவரோரம் நிற்கும் டிரம்மர்தான் அதை மொத்தமாக வாங்கிக்கொள்வார். பல பேண்டுகளில் நடக்கும் வால்யூம் சண்டைக்கு மனிதர்களைவிட அறையே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை முதன்முதலில் கணக்காக எழுதிக்காட்டியவர் ஹார்வர்டின் வாலஸ் சபீன். 1895-இல் அங்கிருந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று அவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கையைக் கூட்டி அவர் அளந்தார். உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலில் விழும் சத்தம் திரும்பி வராது அல்லவா?

அந்தக் கணக்கை நம் அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். 1200 கன அடி அறை. இந்த அளவு அறைக்கு அவர் கணக்கு தரும் 59 என்ற எண்ணை, அறையில் உள்ள "திறந்த ஜன்னல்" சதுர அடியால் வகுத்தால் ஒலி அடங்க ஆகும் நொடிகள் கிடைக்கும். சிமென்ட் பூச்சு, டைல்ஸ் எல்லாம் தன் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். மொத்தப் பரப்பு 680 சதுர அடி, அதில் 20 தேறும். ஆக வெற்று அறையில் ஏறக்குறைய 3 நொடி. நான்கு ஆட்களும் சாமான்களும் வந்து நின்றால் 40 சதுர அடிக்குச் சற்று மேல், சுமார் 1.4 நொடி. ரிகர்சலுக்கு 0.4 நொடி இருந்தால் வார்த்தையும் கேட்கும், அறையும் செத்துப்போகாது. அதற்கு 147 சதுர அடி வேண்டும். அதாவது இன்னும் ஒரு நூறு சதுர அடி நல்ல உறிஞ்சும் பரப்பு. இவ்வளவு சின்ன அறையில் இந்தக் கணக்கு தோராயம்தான், ஆனால் கடையில் எவ்வளவு கேட்பது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இந்த நூறு சதுர அடியால் காதுக்கும் லாபம் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் சுமார் 5 டெசிபல் குறையும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100-இல் பதினைந்து நிமிஷம். நம் ரிகர்சல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். மியூசிஷியன் இயர்ப்ளக் எனும் காதடைப்பான் வாங்குவதை நான் எந்தப் பேனலுக்கும், அதாவது சத்தம் உறிஞ்சும் எந்தப் பலகைக்கும், முன்னால் வைப்பேன்.

செலவில்லாமல் ஆவது

முதலில் ஆட்களையும் சாமான்களையும் இடம் மாற்றுங்கள். மூலையில் தரையில் வைத்த பேஸ் ஆம்ப்புக்கு இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பலம் கொடுக்கும். அதை மூலையிலிருந்து வெளியே இழுத்து, சுவர் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்துப் பாருங்கள். முழங்கும் அந்த ஒரு சுரத்தை ஆம்ப்பின் ஈக்யூவில், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகில், கொஞ்சம் வெட்டுங்கள். கிடார் ஆம்ப்பை ஒரு ஸ்டூலில் ஏற்றி, வாசிப்பவர் காதைப் பார்த்துச் சாய்த்தால், இதுவரை அவர் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது உடனே புரியும். தானே வால்யூமைக் குறைப்பார்.

மைக் கூவுவதற்கும் வழி இருக்கிறது. எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் மைக் தன் நேர் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஸ்பீக்கர் அங்கே இருக்க வேண்டும், அதாவது பாடுபவரின் முகத்துக்கு நேர் எதிரே. சூப்பர் கார்டியாய்ட் மைக்காக இருந்தால் பின்பக்கத்திலிருந்து சற்று விலகி, பக்கவாட்டுச் சாய்வில். பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவர் வெற்றுச் சுவராக இருந்தால் ஸ்பீக்கர் சத்தம் அதில் பட்டு நேரே மைக்கின் வாய்க்குள் வரும். பேனல் வாங்கும் நாளில் முதல் பேனல் அந்தச் சுவருக்கு.

இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் பணம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முட்டை அட்டையும் ஃபோமும்

முட்டை அட்டையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மெல்லிய காகிதக் கூழ், நடுத்தரச் சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பைக் குறைக்கும், பேஸில் ஒன்றுமே செய்யாது, தீப்பெட்டி போல் எரியும். வேண்டாம்.

ஃபோம் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. நன்றாக வேலை செய்யும் ஃபோம் உண்டு. அது நான்கு அங்குலம் கனமாக இருக்கும். நம் கையில் கிடைக்கும் பிரமிடு வடிவ ஃபோம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம். ஒரு அங்குல ஃபோம் 125 ஹெர்ட்ஸில் தன்மேல் விழுவதில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால் அதிகம். சிம்பல் சத்தத்தையும் 'ஸ', 'ச' போன்ற ஒலிகளையும் மட்டும் நன்றாகத் தின்றுவிடும். சுவர் முழுக்க அதை ஒட்டினால் நடப்பது இதுதான்: மேலே மினுமினுப்பெல்லாம் போய்விடும், கீழே ஏ கம்பி முன்பு போலவே முழங்கும், நடுவில் பாட்டு போர்த்திக்கொண்டு படுத்துவிடும். கைதட்டிப் பார்த்தால் சுத்தமாக இருப்பதால் ரூம் சரியாகிவிட்டது என்றே தோன்றும். டிரம்மர் சிம்பல் உயிரில்லாமல் இருக்கிறதென்று இன்னும் பலமாக அடிக்க ஆரம்பிப்பார். வந்த வேலை கெட்டது.

டென்மார்க்கின் நீல்ஸ் வெர்னர் ஆடெல்மன்-லார்சன் ராக், பாப் நிகழ்ச்சிகள் நடக்கும் இருபது அரங்குகளை அளந்து, இசைக்கலைஞர்களும் சவுண்ட் இன்ஜினியர்களும் அவற்றுக்குக் கொடுத்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டார். நல்ல அரங்கையும் மோசமான அரங்கையும் பிரித்துக்காட்டியது முக்கியமாகப் பேஸ் பகுதியில் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே. அவை பெரிய அரங்குகள். ஆனாலும் ஆம்ப் வைத்து வாசிக்கும் இசைக்குப் பேஸை அடக்குவது முதல் வேலை என்ற பாடம் நம் சின்ன அறைக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

ஃபோமை நான் ஒதுக்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தீ. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி, சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரத்தில் 'கிஸ்' விடுதி. கூரை ஃபோமில் பிடித்த தீயின் புகையில் 242 பேர். இந்த ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும். தீ நெருங்கும் முன் புகையே ஆளைச் சாய்த்துவிடும். நம் அறையில் வாணவேடிக்கை இல்லை. ஆனால் ஒரே பிளக்கில் ஆறு வயர் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிறது, கதவு ஒன்றே ஒன்று, அதுவும் டிரம்ஸுக்குப் பின்னால். ஃபோம்தான் வேண்டும் என்றால் தீத்தடுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அல்லது மெலமின் ஃபோம் வாங்குங்கள். அது இவ்வளவு சுலபமாகப் பற்றாது, விலையும் அதற்கேற்ப இருக்கும். சான்றிதழ் காட்ட முடியாத ஃபோமை எந்த விலைக்கும் சுவரில் ஏற்றாதீர்கள்.

வீட்டில் கிடப்பவை

திரைச்சீலை, ஜமுக்காளம், மெத்தை ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பவானி ஜமுக்காளம் டிரம்ஸுக்கு அடியில் விரிக்க அருமையானது. கிக் பெடல் டைல்ஸில் நழுவாது, தரையிலிருந்து எழும்பும் கூர்மை குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கனத்த திரைச்சீலையைச் சுவரில் அறைந்தாற்போல் தொங்கவிடாமல், நான்கைந்து அங்குலம் தள்ளி ராடு போட்டு, சுவர் அகலத்தைப் போல் இரு மடங்கு துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் நடுத்தர ஒலியிலும் ஓரளவு வேலை செய்யும். கைதட்டினால் வரும் அந்த "டிர்ர்" அடங்க ஒரே ஒரு சுவரில் இது போதும். வேண்டாதபோது ஒதுக்கிவைக்கலாம் என்பதும் ஒரு வசதி. டிரம்ஸ் இல்லாமல் கிடாரும் பாட்டும் மட்டும் பழகும் நாளில் அறை கொஞ்சம் பேசினால் நன்றாகத்தான் இருக்கும்.

மெத்தை வேறு ரகம். பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கும். நான்கு அங்குலம் நார். ஒலியை உறிஞ்ச நாம் தேடும் பொருளே அதுதான். இரண்டு சுவர் சேரும் மூலையில், சுவரில் ஒட்டாமல் குறுக்காகச் சாய்த்து நிறுத்துங்கள். பின்னால் முக்கோணமாக இடம் விட வேண்டும். இப்போது அதே பேஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஏ கம்பி முழுக்க அடங்காது, ஆனால் அடித்துவிட்டுக் கையை எடுத்த பின் நீண்டுகொண்டே போன முழக்கம் குறுகியிருப்பது கேட்கும். எதை வாங்குவது என்று குழுவில் வாக்குவாதம் நடக்கும்போது, இரண்டு மெத்தையை ஒரு வாரம் கடன் வாங்கி மூலையில் வைத்துக் காட்டுவதைவிட நல்ல வாதம் கிடையாது.

அதை நிரந்தரமாக வைக்கலாமா? சின்ன அறையில் இடத்தை அடைக்கும், மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும், பூச்சி வரும், பஞ்சு எரியும். சோதனைக்கு மெத்தை, நிரந்தரத்துக்கு வேறு. மூலையில் பரண் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. இரண்டடி ஆழப் பரணைத் துணி மூட்டையாலும் போர்வையாலும் நிரப்பினால், செலவே இல்லாத பேஸ் டிராப், அதாவது பேஸை உறிஞ்சும் அடைப்பு, கூரையோரத்திலேயே கிடைத்துவிடுகிறது. மின்விசிறி ஒயர், பிளக் எதுவும் அதன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக்வுல் பேனல்

பணம் போடுவதாக இருந்தால் இதில் போடுங்கள். ராக்வுல் என்பது பாறையை உருக்கி இழுத்த நார். இசைச் சாமான் கடையில் கேட்க வேண்டாம். பாய்லர், ஏசி டக்ட் வேலைக்குச் சரக்கு விற்கும் இன்சுலேஷன் கடையில் "48 டென்சிட்டி, 50 எம்எம் ஸ்லாப்" என்று கேளுங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ எடை என்று அர்த்தம். இரண்டடி அகல ஸ்லாப்புகள் கட்டாகக் கிடைக்கும். நார் எரியாது, அதுவே எனக்கு முதல் தகுதி. கண்ணாடி நாரில் செய்த கிளாஸ்வுல் பலகையும் ஒலிக்கு இதே அளவு நல்லது. கைக்கு இன்னும் கொஞ்சம் அரிக்கும்.

கனம்தான் இங்கே எல்லாம். இந்த அடர்த்தியில் இரண்டு அங்குலப் பலகையைச் சுவரோடு ஒட்டினால் 125 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. நான்கு அங்குலமாக்கினால் அதே இடத்தில் முக்கால் பங்குக்கு மேல். காரணம் எளிது: சுவரை ஒட்டியிருக்கும் காற்று அசைய முடியாது, சுவரிலிருந்து தள்ளித்தான் அது வேகமாக ஆடும், நார் உராய்ந்து ஒலியைத் தின்ன வேண்டுமானால் காற்று ஆடும் இடத்தில் நார் இருக்க வேண்டும். பேஸின் அலை நீளம் அதிகம் என்பதால் அந்த இடம் சுவரிலிருந்து வெகு தூரம் தள்ளி இருக்கிறது. இதனால்தான் பேனலுக்குப் பின்னால் விடும் வெற்றிடமும் பாதி நார் போட்டதற்குச் சமமாக உழைக்கிறது. காசு செலவில்லாத கனம் அது.

செய்வது ஒரு ஆசாரி உதவியோடு ஒரு நாள் வேலை. ஒன்றுக்கு நான்கு அங்குலம் வருமாறு ரீப்பர் கட்டை அல்லது மெல்லிய பிளைவுட் பட்டையில் இரண்டுக்கு நான்கு அடி சட்டம். உள்ளே இரண்டு ஸ்லாப் அடுக்கு. முன்னும் பின்னும் காடா துணி இழுத்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். துணி எது வேண்டுமானாலும் ஆகலாம், ஒரு நிபந்தனை: வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று தடையில்லாமல் வர வேண்டும். ரெக்சின் போர்த்திய பேனல் அழகாக இருக்கும். மேல் ஒலியெல்லாம் அதில் பட்டுத் திரும்பிவிடும். பின்பக்கம் பிளைவுட் போட்டு மூடாதீர்கள். ஸ்லாப்பை வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி அவசியம். வெட்டுவதை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டால் அறைக்குள் நார் பறக்காது.

பன்னிரண்டு பேனல் என்றால் 96 சதுர அடி. நம் கணக்கு அதோடு தீர்ந்தது. எங்கே வைப்பது என்பதில்தான் பலன். நான்கு செங்குத்து மூலைகளில் கதவு இல்லாத மூன்றை எடுத்து, தரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பேனலைக் குறுக்காக நிறுத்தினால் ஆறு பேனல் போகும். இரண்டடிப் பேனலைக் குறுக்கே வைக்கும்போது நடுவில் பின்னால் ஓரடி வெற்றிடம் தானாகவே கிடைக்கிறது. டிரம்ஸுக்கு நேர் மேலே கூரையில் இரண்டு. மின்விசிறி வழிவிட்டால் மூன்று. சிம்பல் சத்தம் கான்க்ரீட்டில் பட்டுப் பாடகர் மைக்குக்குள் போவதை இது நிறுத்தும். கூரையில் தொங்கவிட மரக்கட்டையும் ஆணியும் போதாது, கான்க்ரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்துச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கீழே மனிதத் தலை இருக்கிறது. பாடகருக்குப் பின்னால் இரண்டு. மீதியைக் கிடார் ஆம்ப்புக்கு எதிர்ச் சுவரில், நின்றால் காது வரும் உயரத்தில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. எதிரெதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் அந்த "டிர்ர்" இரண்டு பக்கமும் அடங்கும். மற்றபடி சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

57 ஹெர்ட்ஸை இது முற்றாகத் தீர்க்குமா என்றால், இல்லை. அந்த அலை இருபது அடி நீளம். அதை முழுதாக விழுங்க ஐந்தடி கன நார் வேண்டும். மூலைப் பேனல்கள் முழக்கத்தைக் குறைக்கும், ஆம்ப்பின் இடமும் ஈக்யூவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்னும் பணம் இருந்தால் பிரிக்காத ராக்வுல் கட்டுகளை பிளாஸ்டிக் உறையோடே மூலையில் கூரை வரை அடுக்குங்கள். பேஸ் அந்த உறையைத் தாண்டி உள்ளே போகும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மாடி அறையில் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும். ராக்வுல் தண்ணீரை எளிதில் இழுக்காது, ஆனால் காடா துணியில் பூஞ்சை பிடிக்கும். சுவரிலிருந்து தள்ளி வைப்பது இங்கேயும் காப்பாற்றுகிறது. கூரை ஒழுகல் இருந்தால் முதல் பணம் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு.

காண்ட்ராக்டர் சொல்லும் ஃபால்ஸ் சீலிங்

ஜிப்சம் பலகை சீலிங் போட்டால் சரியாகிவிடும் என்று இன்டீரியர்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சட்டத்தில் அடித்த மெல்லிய ஜிப்சம் பலகை தோல் வாத்தியம் போல ஆடி, 125 ஹெர்ட்ஸில் கால் பங்குக்கு மேல் உறிஞ்சும். அது பேஸுக்கு நல்லதே. ஆனால் நடு, மேல் ஒலிகளுக்கு அது சுவர் மாதிரிதான். மினரல் ஃபைபர் ஓடுகள் பதித்த சீலிங், மேலே ஓரடி வெற்றிடம், அதில் ராக்வுல் விரிப்பு என்றால் அருமையான வேலை, கூரை முழுக்க ஒரே உறிஞ்சியாகிவிடும். சொந்த வீடு, பத்தடிக்கு மேல் உயரம், விசிறிக்குப் பதில் ஏசி என்றால் நானே இதைச் சிபாரிசு செய்வேன். பத்தடி உயரத்தில் விசிறியும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. வாடகை வீட்டுக்கும் வேண்டாம்.

டிஃப்யூசர் என்று குழி குழியாக மரத்தில் செய்து விற்பதை இந்த அளவு அறைக்கு நான் வாங்க மாட்டேன். மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970-களில் கணிதத்தை வைத்து உருவாக்கிய அழகான கருவி அது. ஒலியைச் சிதறடித்து ஒன்றுசேர்க்க அதற்கும் காதுக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும்; இங்கே முழங்கை நீட்டினால் சுவர் இடிக்கிறது.

மூலத்திலேயே குறைப்பது

நான்கு பேரும் ஒத்துக்கொண்டால் எலெக்ட்ரானிக் டிரம்ஸ், கிடாரும் பேஸும் நேரே மிக்சருக்கு, எல்லோருக்கும் ஹெட்போன் என்று போய்விடலாம். அறை என்ற பிரச்சினையே இல்லை, பக்கத்து வீடும் பிழைக்கும், பாடகருக்குத் தன் குரல் துல்லியமாகக் கேட்கும். பாட்டின் அமைப்பு, தாளக்கட்டு, ஹார்மனி பழக இதற்கு இணை கிடையாது. கிக் பெடலின் உதை மட்டும் தரை வழியாகக் கீழே போகும். அடியில் கனத்த ரப்பர் மேட்டின் மேல் பிளைவுட் மேடை வேண்டும்.

இழப்பதும் உண்டு. மேடையில் நிஜ சிம்பலுக்கும் நிஜ ஆம்ப்புக்கும் நடுவே ஒருவரை ஒருவர் கேட்டு அளவோடு வாசிப்பது ஒரு தனிப் பழக்கம். அது ஹெட்போனில் வராது. நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு ரிகர்சலையாவது நிஜ டிரம்ஸோடு ஜாம் ரூமில் வைத்துக்கொள்ளும் குழுவுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். டிரம்மர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்துச் செய்த ராட்ஸ் ஒரு ஜோடி வாங்கித் தாருங்கள். சின்ன அறையில் எல்லோருடைய வால்யூமும் அதிலிருந்துதான் இறங்க ஆரம்பிக்கும்.

யாருக்கு எது

சொந்த வீட்டு மாடி அறை, பக்கத்தில் தகராறு இல்லை: சாமானை இடம் மாற்றிவிட்டு, பன்னிரண்டு ராக்வுல் பேனல். பணம் ஒரே தவணையில் இல்லையென்றால் முதலில் மூலைக்கான ஆறு, அடுத்த மாதம் கூரைக்கு, பிறகு சுவருக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சுவரில் ஆரம்பித்தவர்கள் கைதட்டிப் பார்த்துத் திருப்தியாகி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்: அதே பேனல்களுக்குக் கீழே இரண்டு மரக்கால் வைத்து நிற்கும்படி செய்யுங்கள். எட்டு பேனல் போதும். டிரம்ஸைச் சுற்றி மூன்று, மூலைகளில் நான்கு, பாடகர் பின்னால் ஒன்று. வீடு மாறும்போது ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம், ஒரு பைசா வீணாகாது.

தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட அறை: பேஸ் கூரை வழியாக வெளியேறிவிடுவதால் உள்ளே முழக்கம் குறைவாகத்தான் இருக்கும், ஊருக்கே கேட்கும் என்பதுதான் அங்கே தொந்தரவு. பேனல் பாதி போதும், மீதிப் பணத்தை எலெக்ட்ரானிக் டிரம்ஸுக்கு எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை மேலே வந்துவிட்டார் என்றால் எந்தப் பேனலும் வாங்க வேண்டாம். ஹெட்போன் வழி, அல்லது ஜாம் ரூம். ஜாம் ரூமுக்குப் பணம் கட்டும் முன் உள்ளே போய் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், பேஸிஸ்ட் ஏ கம்பியை மீட்டட்டும். சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டிய ரூமும் நகரத்தில் உண்டு; ஒரே வாடகைக்கு மூலையில் கனமாகப் பஞ்சு வைத்த ரூமும் உண்டு.